ஓய்வுக் காலத்தில் ஊக்கம்

அறுவடை முடிந்த வயல் வெறுமையாகத் தோன்றும். ஆயினும், நல்ல உழவன் அதனை மறந்துவிடுவதில்லை. கோடை மழை பெய்ததும் ஏர் பூட்டி நிலத்தை உழுது வைக்கின்றான். அவ்வுழவின் பயன் அடுத்த விளைச்சலில் வெளிப்படுகின்றது. விளையாட்டு வீரர்க்கும் இத்தகைய இடைக்காலம் உண்டு. ஓராண்டின் போட்டிகள் முடிந்து, மறு ஆண்டின் போட்டிகள் தொடங்கும் வரையில் உள்ள மாதங்களே அவை. அப்பொழுது ஆரவாரம் செய்யக் கூட்டமில்லை, அளிக்கப் பரிசுமில்லை. ஊக்கம் உள்ளத்திலிருந்தே பிறத்தல் வேண்டும்.

எமில் சாட்டோபெக் என்னும் ஓட்ட வீரரின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும். இவர் 1922-ஆம் ஆண்டில், அன்றைய செக்கோஸ்லோவாக்கியா நாட்டில், தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் ஸ்லின் நகரத்துக் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1941-இல் நடந்த ஓட்டப் பந்தயம் ஒன்றில் கலந்துகொள்ளுமாறு அங்கே அவரைப் பணித்தனர். தமக்கு உடல் வலிமை போதாது என்று அவர் மறுத்தார். மருத்துவரோ, குறை யாதும் இல்லை என்று கூறிவிட்டார். விருப்பமின்றி ஓடத் தொடங்கியவரின் உள்ளத்தில், ஓடும்பொழுதே வெல்லும் வேட்கை எழுந்தது. அவர் இரண்டாவதாக வந்தார்.

பின்னர்ப் படையில் சேர்ந்த சாட்டோபெக், 1948-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். 5,000 மீட்டர் ஓட்டத்திலோ முதலிடத்தை நூலிழையில் இழந்தார்.

அவர் நாட்டில் குளிர்காலம் கடுமையானது. ஓடுகளங்களைப் பனி மூடிவிடும். அக்காலத்திலும் அவர் சோம்பியிருந்தாரல்லர். படைவீரர் அணியும் கனத்த காலணிகளுடன் காட்டுப் பாதைகளில் ஓடினார். 400 மீட்டர் விரைந்தோடுவார், சிறிது தொலைவு மெல்ல ஓடுவார், மீண்டும் விரைவார். இத்தனை முறை என்று தாமே வரையறுத்துக்கொண்டு, அதனை முடித்த பின்னரே நிற்பார். ஒருமுறை வீட்டுத் தொட்டியில் அழுக்குத் துணிகளை இட்டு, நீரும் சவர்க்காரமும் சேர்த்து, அவற்றின்மேல் நின்ற இடத்திலேயே ஓடினாராம். துணிகள் வெளுத்தன, கால்களும் வலுத்தன!

பனியில் இட்ட முயற்சி வீண்போகவில்லை. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்று ஓட்டங்களிலும் அவரே முதல்வரானார். மாரத்தானில் அவர் ஓடியது அதுவே முதன்முறை. ஒரே ஒலிம்பிக்கில் இம்மூன்றையும் வென்றவர் இன்றுவரை வேறெவரும் இலர்.

வளரும் சிறுவர் அவருடைய ஊக்கத்தைக் கைக்கொள்ளலாம். பயிற்சியின் அளவைக் கைக்கொள்ளலாகாது. ஓய்வின்றி உழைப்பின் முதிராத எலும்பும் தசைநாரும் ஊறுபடும், உள்ளமும் சலிப்படையும். முற்றிலும் வாளாவிருப்பினோ, சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் பயிற்சியால் பெற்ற திறன் குறையத் தொடங்கும். ஆதலின், போட்டிகள் முடிந்ததும் சில நாள் நன்கு இளைப்பாறுதல் வேண்டும். அதன்பின் நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், பிற ஆட்டங்கள் ஆடுதல் ஆகியவை உடலுக்கு வலுவும் உள்ளத்திற்குப் புதுமையும் தரும். தோழரொருவர் உடனிருப்பின் சோம்பல் அணுகாது. எட்டக்கூடிய சிறு இலக்கொன்றை வகுத்து, நாள்தோறும் செய்ததைக் குறிப்பேட்டில் எழுதி வருதல் நன்று. பிறரோடு போட்டியில்லாத காலத்தில், நேற்றைய தன்னையே இன்று வெல்ல முயல்பவன் ஊக்கம் குன்றான்.

கோடையில் உழுத நிலத்தை மழைக்காலம் அறியும். ஓய்வுக் காலத்தில் ஊக்கம் காத்த வீரனை ஓடுகளம் அறியும்.