வானொலி நிலையத்திற் கணினிக்கு நேரும் இடையூறு

'இடையூறு' என்னும் சொல்லிலுள்ள 'ஊறு' என்பதற்குத் தீங்கு என்றும், தொடுதலால் உண்டாகும் உணர்ச்சி என்றும் இரு பொருள் உண்டு. இவ்விரு பொருளும் ஒரு சொல்லிற் கூடியிருப்பது நினைந்து மகிழ்தற்குரியது. ஆயின், தொடாமலே வந்து தீங்கு செய்யும் இடையூறும் உலகில் உண்டு. அதனையே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுகின்றோம்.

அமெச்சூர் வானொலி என்பது ஊதியங் கருதாது, கற்றலையும் பிறர்க்கு உதவுதலையும் கருதித் தனியார் நடத்தும் வானொலித் தொடர்பாகும். நம் நாட்டில் இதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதிப்பத்திரம் வழங்குகின்றது. '4எஸ்7' என்று தொடங்கும் அழைப்புக்குறியைக் கேட்ட மாத்திரத்தே அது இலங்கை நிலையம் என உலகெங்கும் உள்ளோர் அறிவர். முற்காலத்தில் தந்திக்குறியும் வாய்ச்சொல்லுமே இத்துறையின் மொழிகளாயிருந்தன. இக்காலத்திற் கணினியும் அங்கு புகுந்துவிட்டது. 1993 இற் பௌதிகத்துக்கான நோபெல் பரிசினைப் பெற்றோருள் ஒருவரான ஜோசப் ரெய்லர், மற்றோர் அறிஞருடன் சேர்ந்து 2017 இல் 'எவ்.ரி.8' என்னும் முறையை வெளியிட்டார். பதினைந்து வினாடிக்கு ஒரு சிறு செய்தியாக அனுப்பப்படும் இக்குறிகளைச் செவியால் உணரவியலாத இரைச்சலினுள்ளிருந்தும் கணினி பிரித்தெடுத்துத் தருகின்றது. அலைவழியே மின்னஞ்சல் அனுப்பும் 'வின்லிங்க்' முறையும் இவ்வாறே கணினியைச் சார்ந்தது. எனவே, வானொலிக் கருவியையும் கணினியையும் இணைக்கும் சிறு வடமே இன்று நிலையத்தின் உயிர்நாடியாயிற்று.

இவ்வடத்தின் நலத்தைப் பற்றித் திருகோணமலை மக்களாகிய நாம் ஏன் கவலைகொள்ளல் வேண்டும்? 1964 டிசெம்பரிலே நம் கரையைத் தாக்கிய சூறாவளியை முதியோர் மறந்திலர். 2004 டிசெம்பர் 26 ஆந் தேதி ஆழிப்பேரலை வந்தபோது கரையோரத் தொலைபேசிகள் பல செயலிழந்தன. அவ்வேளையில் இலங்கை வானொலிச் சங்கத்தினர் சிற்றலைக் கருவிகளுடன் அம்பாந்தோட்டைக்குச் சென்று கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினர். வங்கக் கடலின் அப்பாலுள்ள போட் பிளேயரில், பாரதி பிரசாத் அம்மையாரின் தலைமையில் முன்னரே சென்றிருந்த இந்திய அமெச்சூர் குழுவினர் அந்தமான், நிக்கோபார்த் தீவுகளின் செய்திகளை வெளியுலகுக்கு அறிவித்தனர். பெரிய ஏற்பாடுகள் யாவும் வீழ்ந்த காலத்திற் சிறிய நிலையங்கள் நின்று பயன்பட்டன என்பதே இவற்றால் நாம் பெறும் பாடம். அத்தகைய நிலையம் ஒன்று, செய்தியை அனுப்பும் அக்கணத்திலேயே தன் கணினியை இழக்குமாயின் அதனால் யாது பயன்?

இடையூற்றின் அறிகுறிகள் இவை. கேட்கும்பொழுது யாவும் செவ்வனே இயங்கும். அனுப்பத் தொடங்கியவுடன் சுட்டி அசைவற்று நிற்கும், யு.எஸ்.பி. இணைப்பு அறுந்தது எனத் திரையில் அறிவிப்புத் தோன்றும். சிலவேளை கருவி அனுப்பும் நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். கணினி பழுதுற்றதென்று எண்ணிப் புதிது வாங்குவோரும் உளர். புதியதும் அவ்வாறே செய்யும். ஏனெனிற் பிழை கணினியில் இல்லை.

காரணம் யாது? எந்தக் கம்பியும் அன்ரெனாவே என்பதே இதற்கு விடை. அன்ரெனா வேண்டுமென்று கட்டியது. மற்றைய கம்பிகள் நாம் வேண்டாமலே அவ்வாறு ஆவன. முந்நூற்றை மெகாஹேட்ஸ் கணக்கிலுள்ள மீடிறனால் வகுத்தால் அலைநீளம் மீற்றரிற் கிடைக்கும். 14 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 21 மீற்றர். அதன் காற்பங்கு 5.4 மீற்றர். 28 மெகாஹேட்ஸிற் காற்பங்கு 2.7 மீற்றரே. யு.எஸ்.பி. வடமும், கணினியின் மின்வடமும், சுட்டியின் வடமும் தொடர்ந்து நிற்குங்கால் அவற்றின் நீளம் இவ்வளவுகளுள் ஒன்றை எளிதில் எட்டிவிடும். அப்பொழுது அவை அலையை நன்கு பற்றிக்கொள்ளும். 100 வாற்று வலுவை 50 ஓம் தடைக்குச் செலுத்தும்போது அங்கு ஏறத்தாழ 70 வோற்று அழுத்தம் நிலவும். யு.எஸ்.பி. தரவுக் கம்பியின் குறி அழுத்தமோ 3.3 வோற்று அளவினதே. யானை நடக்கும் வழியில் எறும்பின் வரிசை கலைதல் வியப்பன்று.

இங்கு மாணவர் ஒரு நுட்பத்தை உணர்தல் வேண்டும். தரவு செல்லும் இரு கம்பிகளையும் நம் கடற்கரையிற் கரைவலை இழுப்போரின் இரு கயிறுகளாக எண்ணுக. இரு கயிற்றுக்குமிடையேயுள்ள வேறுபாட்டைக் கொண்டே வலையின் நிலையை அறிகின்றனர். கடலலை இரு கயிற்றையும் ஒரே திசையில் ஒப்பத் தள்ளினால் வேறுபாடு மாறாது. அதுபோலக் கணினியும் இரு கம்பிகளின் வேறுபாட்டையே நோக்குகின்றது. இரண்டிலும் ஒருங்கே வரும் மின்னோட்டத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அவ்வோட்டம் வரம்பு கடந்தாலோ கயிறும் வலையும் ஆளும் சேர்ந்து இழுபடுதல் போல யாவும் குலையும். ஆதலால், எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடும் அப்பொது மின்னோட்டத்தைத் தடுத்தலே மருந்தாகும்.

மருந்துக்கு முன் நோயின் முதலை நாடல் வேண்டும். முதலாவதாக, வலுவை 100 வாற்றிலிருந்து 10 வாற்றுக்குக் குறைத்துப் பார்க்க. தொல்லை நீங்கினால் அலையே காரணம் எனத் துணியலாம். இரண்டாவதாக, அன்ரெனாவைக் கழற்றி, வலுவை வெப்பமாக மாற்றிவிடும் 50 ஓம் போலிச்சுமையைப் பூட்டி அனுப்புக. அப்போதும் தொல்லை நீடித்தால் அறையினுள்ளேயே கசிவு உளது. நீங்கினால் அன்ரெனாவிலிருந்தோ அதன் ஊட்டுவடத்தின் வெளிப்புறத்திலிருந்தோ அலை அறைக்கு மீள்கின்றது. மூன்றாவதாக, வேறொரு மீடிறனிற் சோதிக்க. ஓரிடத்தில் மட்டும் தொல்லை தோன்றின் ஏதோவொரு வடத்தின் நீளம் அவ்வலையுடன் இசைகின்றது என்க. நான்காவதாக, வடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க. ஒரு முறையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். கண்டதை உடனே குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றுவோன் குணமடையினும் காரணம் அறியான்.

இனித் தீர்வுகள். அன்ரெனாவின் ஊட்டுமுனையிற் பொது மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருளை அமைத்தல் தலையாயது. அன்ரெனாவை அறையினின்றும் இயன்றளவு தொலைவில் நிறுத்துக. கருவிகளின் உலோக உறைகளைக் குறுகிய, அகன்ற செப்புப் பட்டியால் ஒன்றோடொன்று பிணைக்க. யு.எஸ்.பி. வடம் நீளங் குறைந்ததாயும் நல்ல உலோகப் பின்னலுறை உடையதாயும் இருத்தல் நன்று. அவ்வடத்தைப் பெரைற் வளையத்தினூடே பலமுறை சுற்றுக. மூன்று சுற்றுக்கு ஒரு சுற்றினும் ஏறத்தாழ ஒன்பது மடங்கு தடுப்பு உண்டாகும். ஐந்து சுற்றுக்கு இருபத்தைந்து மடங்கு. சுற்றுக்கள் மிகப் பலவாயின் அவற்றிடையேயுள்ள கொள்ளளவத்தால் அப்பயன் குன்றும். ஒலிக்குறி செல்லும் வழியிற் சிறு நிலைமாற்றியொன்றைப் புகுத்தினால் இரு கருவிகளுக்குமிடையே நேரான மின்தொடர்பு இல்லாமற் குறி மட்டும் கடந்து செல்லும்.

துறைமுகத்தார்க்கு வேறொரு பகையும் உண்டு. உப்புக்காற்றினால் இணைப்புகளிற் களிம்பும் துருவும் ஏறுகின்றன. துருவேறிய மூட்டு மின்னோட்டத்தை ஒருபுறம் எளிதாகவும் மறுபுறம் அரிதாகவும் விடுத்து, நாம் அனுப்பாத புதிய மீடிறன்களைப் பிறப்பிக்கும். கப்பல்கள் ஆபத்துக் குரல் எழுப்பும் 16 ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேட்ஸில் உள்ளது. நம் நிலையத்தின் கசிவு அத்தகைய இடத்துக்குச் செல்லுமாயின் அது பொழுதுபோக்கின் பிழையாகாது, அறத்தின் பிழையாகும். ஆதலின், வெளியிலுள்ள மூட்டுகளை ஆண்டுதோறும் திறந்து துடைத்து, நீர்புகாதவாறு மூடுதல் கடமையாம்.

இடையூறு எதிர்த்திசையிலும் வரும். கணினியின் மின்னேற்றியும், சூரியமின் மாற்றியும், சில மின்விளக்குகளும் இரைச்சலை எழுப்பித் தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலை மறைப்பன. இதனை அறிதற்கு வழி எளிது. வாங்கியை மின்கலவடுக்கில் இயக்கி, வீட்டின் மின்சாரத்தைப் பகுதி பகுதியாக நிறுத்திக் கேட்க. எப்பகுதியை நிறுத்தும்போது இரைச்சல் ஓய்கின்றதோ அங்கே பகைவன் உளன்.

இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று. பொறுமையும் ஒழுங்குமே வேண்டுவன. பழைய மாணவர்களுள் மின்துறையிலும் கடற்றுறையிலும் பணிபுரிவோர் பலராவர். அவர்கள் ஓர் அன்ரெனாவும், ஒரு போலிச்சுமையும், சில பெரைற் வளையங்களும் தந்து, வாரத்தில் ஒரு மாலை மாணவருடன் அமர்வாராயின், பௌதிக நூலிலே படித்த அலை கைக்கு எட்டிய பொருளாகும். அனுமதிப் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தலும் கைகூடும். புயல் வந்து மின்சாரம் நின்ற இரவிலே வடத்தைக் கழற்றிப் பூட்டிச் சோதித்துக்கொண்டிருக்க நேரமிராது. முழு வலுவுடன், மின்கலவடுக்கில், கணினியையும் இணைத்து அமைதியான நாளிலே சோதித்து வைத்த நிலையமே அன்று பேசும். கடலை நோக்கி வாழும் நாம் அத்தகைய நிலையமொன்றை நம் மாணவர் கையில் ஒப்படைத்தல் இவ்விழாவாண்டின் பயன்களுள் ஒன்றாகுக.