கடவுச்சொல்லைக் காக்கும் முறை

கணிப்பொறியில் நுழைவோருடைய கடவுச்சொற்களை உள்ளவாறே பதிந்து வைப்பின், அப்பதிவு களவுபோன அன்றே யாவும் பிறர்வசமாகும். இவ்விடரை நீக்கும்பொருட்டு யூனிக்ஸ் அமைப்பிற் கையாண்ட முறையொன்றை, மோரிஸ், தாம்ஸன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1979-ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டனர். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கடவுச்சொல்லையே திறவுகோலாகக் கொண்டு, பூஜ்யங்களாலான தொடரொன்றை 25 முறை மறைகுறியாக்கி, முடிவில் வரும் குறியை மட்டும் பதிவர். நுழைவோன் தரும் சொல்லை அவ்வாறே மாற்றி ஒப்புநோக்குதல் எளிது. குறியினின்று சொல்லை மீட்டலோ மிக அரிது. அன்றியும், 'உப்பு' என்னும் எண்ணொன்றையும் உடன்கலந்தமையால், அகராதிச் சொற்களை முன்னரே மாற்றிவைத்திருக்கக் கருதும் கள்வனுக்கு வேலை 4096 மடங்காயிற்று.

பொறிகளின் விரைவு பெருகிய இக்காலத்தில் 25 முறை போதாது. இலட்சக்கணக்கான முறை வேண்டும். ஆயினும், எளிதில் ஊகிக்கத்தக்க சொல்லை எம்முறையும் காவாது. ஆதலின், நீண்ட சொல்லைத் தேர்தலும், ஓரிடத்துச் சொல்லைப் பிறிதோரிடத்து வழங்காமையும் நம் கடன் என்க.