பழைய போட் மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லையா? 15 குறிப்புகள்

சாவியைத் திருகினால் ஸ்டார்ட் ஆகும் பழைய அவுட்போர்டு மோட்டார் ஒருநாள் சண்டித்தனம் செய்தால், "ஸ்டார்ட்டர் போய்விட்டது" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் போயிருப்பது ஸ்டார்ட்டர் அல்ல; உப்புக்காற்றில் களிம்பேறிய ஏதோ ஓர் இணைப்புதான். மல்டிமீட்டர், ஸ்பேனர், உப்புத்தாள், வயர் பிரஷ் ஆகியவை கையில் இருந்தால் போதும். பேட்டரியில் தொடங்கி, கரண்ட் போகும் வழியிலேயே நாமும் போய்ப் பார்க்க வேண்டும்.

1. முதலில் மூடியைத் திறந்து இன்ஜினைச் சற்று நேரம் காற்றாட விடுங்கள். பெட்ரோல் வாடை அடங்கும்வரை எந்த வயரையும் தொடாதீர்கள். சிறு பொறியே தீப்பிடிக்கப் போதும். புரொப்பல்லர் அருகே யாரும் நிற்க வேண்டாம். கரையில் வைத்துச் சோதித்தால், குழாயில் தண்ணீர் கொடுக்காமல் இன்ஜினை ஓட விடாதீர்கள். தண்ணீரில்லாமல் சுற்றினால் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் பாழாகிவிடும்.

2. எதையும் கழற்றுவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். கியர் சரியாக நியூட்ரலில் இருக்கிறதா? ஓட்டுபவர் உடலில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் அதன் இடத்தில் இருக்கிறதா? பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் போட்டிருக்கிறதா? மெயின் ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா? பல மோட்டார்களில் இது 20 ஆம்பியர் ஃபியூஸ். புது ஃபியூஸும் போய்விட்டால் அதைவிடப் பெரிதாகப் போடாதீர்கள்; எங்கோ வயர் உரசி ஷார்ட் ஆகிறது என்று அர்த்தம்.

3. சாவியைத் திருகிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆக விடாத நியூட்ரல் சுவிட்ச் ஆகியவற்றின் பக்கம் கோளாறு. "டக்" என்று மட்டும் கேட்டால் பேட்டரி, தடித்த கேபிள் அல்லது ஸ்டார்ட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டு. "டகடக" என்று விட்டு விட்டு அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் லூஸ். ஸ்டார்ட்டர் மட்டும் "விர்ர்" என்று சுற்றி, இன்ஜின் அசையாமல் நின்றால் ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் மேலேறவில்லை. இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் ஸ்பார்க்கையோ பெட்ரோலையோ பார்க்க வேண்டும்.

4. பேட்டரியைச் சார்ஜ் போட்டு, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு மீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான். 12க்குக் கீழே போனால் அதை வைத்து மற்ற எதையும் சோதிப்பது வீண்.

5. சும்மா இருக்கும்போது 12.6 காட்டும் பேட்டரியும் பாரம் ஏறியதும் படுத்துவிடலாம். அதனால் ஒருவர் சாவியைத் திருக, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். இன்ஜின் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரி தளர்ந்துவிட்டது அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கிறது. வேறொரு நல்ல பேட்டரியை மாட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

6. டெர்மினல்களைக் கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவால் கழுவுங்கள். கரைசல் பேட்டரிக்குள் போய்விடக் கூடாது. ஈரம் காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். விங் நட் இருந்தால் எடுத்துவிட்டு, நைலான் வளையம் உள்ள லாக் நட் போடுங்கள். படகின் அதிர்வில் விங் நட் தளர்ந்துவிடும்.

7. பலரும் பிளஸ் வயரையே துருவிப் பார்ப்பார்கள். எர்த்தைக் கவனிக்க மாட்டார்கள். மைனஸ் கேபிள் இன்ஜின் பிளாக்கில் சேரும் போல்ட்டைக் கழற்றி, அடியில் பெயின்ட்டோ துருவோ இல்லாமல் சுரண்டி மாட்டுங்கள். கேபிளின் உறை ஓரிடத்தில் உப்பியிருந்தாலோ, வளைத்தால் மொறுமொறுவென்று இருந்தாலோ, உள்ளே செம்பு பொடிந்திருக்கிறது. அந்தக் கேபிளை மாற்றத்தான் வேண்டும். ஈயம் பூசிய செம்புக் கம்பி உப்புத்தண்ணீரில் அதிக நாள் உழைக்கும்.

8. கண்ணுக்குத் தெரியாத களிம்பை மீட்டர் காட்டிக்கொடுக்கும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும், மறுமுனையை ஸ்டார்ட்டரின் தடித்த டெர்மினலிலும் வைத்துச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. இதேபோல மைனஸ் கம்பத்துக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே பாருங்கள், 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டரை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினால் பழுதான இடம் அகப்பட்டுவிடும்.

9. சொலினாய்டில் இரண்டு தடித்த முனைகளும் இரண்டு சிறு முனைகளும் இருக்கும். சாவியைத் திருகும்போது சிறு முனைகளுக்கு இடையே 12 வோல்ட் வந்தும் "டக்" சத்தம் இல்லையென்றால் சொலினாய்டு போய்விட்டது. சத்தம் வந்தும் தடித்த முனைகளுக்கு இடையே 12 வோல்ட் அப்படியே நின்றால், உள்ளே தொடுமுனைகள் கருகிவிட்டன. சிறு முனைகளுக்கு 12 வோல்ட் வரவே இல்லையென்றால் சொலினாய்டைக் குறை சொல்லாதீர்கள். அடுத்த குறிப்புக்குப் போங்கள். தடித்த முனைகளை ஸ்குரூ டிரைவரால் குறுக்கே தொட்டு ஸ்டார்ட் செய்வது பெட்ரோல் இன்ஜினில் ஆபத்து.

10. கியர் லீவரை நியூட்ரலில் வைத்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருகுங்கள். அப்போது மட்டும் ஸ்டார்ட்டர் சுற்றினால் நியூட்ரல் சுவிட்ச் இடம் நகர்ந்திருக்கும். அடுத்து, இன்ஜினையும் கன்ட்ரோல் பெட்டியையும் சேர்க்கும் பெரிய பிளக்கைக் கழற்றுங்கள். அதன் ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பது பழைய மோட்டார்களில் சகஜம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினாலே பல நேரம் உயிர் வந்துவிடும்.

11. ஸ்டார்ட்டர் சும்மா சுற்றினால் அதன் தண்டில் உள்ள திருகு மரையைப் பாருங்கள். பழைய கிரீஸும் தூசியும் இறுகிப் பல்சக்கரத்தை மேலேற விடாமல் பிடித்திருக்கும். அதைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். மறுபடி கிரீஸ் பூசாதீர்கள்.

12. தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் சாவியைத் திருகிப் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே இரண்டு நிமிடம் ஆற விடுங்கள். கரண்ட் சரியாக வந்தும் ஸ்டார்ட்டர் சுற்றவில்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பிரஷ் மாற்றுவது ஆட்டோ எலக்ட்ரீஷியன் செய்துவிடக்கூடிய வேலை. எவின்ரூட் மோட்டார் தயாரிப்பை 2020இல் நிறுத்திவிட்டார்கள். அத்தகைய மோட்டார்களின் பழைய ஸ்டார்ட்டரைத் தூக்கி எறியாமல் சரிசெய்துகொள்வதே நல்லது.

13. மின்சாரத்தில் குறையே இல்லாமலும் இன்ஜின் சுற்றாமல் இருக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஃபிளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்ற மறுத்தால் இன்ஜின் இறுகியிருக்கிறது. பிளக் துளையிலிருந்து தண்ணீர் வந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரண்டுமே மெக்கானிக்கிடம் போக வேண்டியவை.

14. நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பாருங்கள். கழற்றிய பிளக் வயர்களைத் தொங்க விடாமல் இன்ஜின் பிளாக்கோடு எர்த் செய்யுங்கள். சிடிஐ (கெபாசிட்டர் டிஸ்சார்ஜ்) இக்னிஷன் உள்ள பல மோட்டார்களில் ஃபிளைவீல் நிமிடத்துக்கு 250 முதல் 300 சுற்றாவது சுற்றினால்தான் ஸ்பார்க் வரும். பேட்டரி சற்றே சோர்ந்தாலும் ஸ்பார்க் இல்லாததுபோலத் தோன்றும். அடுத்து, இன்ஜினை நிறுத்தும் வயரை மட்டும் கழற்றிச் சோதியுங்கள். இப்போது ஸ்பார்க் வந்தால் சாவி சுவிட்சோ பாதுகாப்புக் கயிற்றின் சுவிட்சோ எர்த் ஆகிறது. வயர் கழன்றிருக்கும்போது சாவியால் இன்ஜினை நிறுத்த முடியாது என்பதை மறவாதீர்கள்.

15. கார் சாவி சுவிட்சை வாங்கி இதில் போடவே போடாதீர்கள். கார் சுவிட்ச் இக்னிஷனுக்கு 12 வோல்ட் கொடுக்கும். சிடிஐ அவுட்போர்டின் சுவிட்சோ, அணைக்கும்போது இக்னிஷனை எர்த் செய்யும். நிறுத்தும் வயரில் 12 வோல்ட் ஏறினால் சிடிஐ பெட்டி எரிந்துவிடும். பேட்டரியின் பிளஸ் மைனஸை மாற்றி மாட்டினாலும், இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றினாலும் சார்ஜ் ஏற்றும் ரெக்டிஃபையர் போய்விடும். கோளாறு சரியானபின் இன்ஜினை ஓடவிட்டுப் பேட்டரியில் மீட்டரை வையுங்கள். வேகம் கூட்டும்போது வோல்ட் 13.5க்கு மேல் ஏறவில்லையென்றால் பேட்டரிக்குச் சார்ஜ் வருவதில்லை. அதையும் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போங்கள். படகில் ஒரு ஃபியூஸும், ஃபிளைவீலில் சுற்றி இழுக்க ஒரு கயிறும் எப்போதும் இருக்கட்டும்.