முழங்கால் மாத்திரை: ஒரு சின்னக் கணக்கு

நம் சங்கக் கூட்டங்களில் அறுபதைத் தாண்டியவர்கள் கூடினால் பேச்சு முழங்காலில் வந்து நிற்கிறது. "குளுக்கோசமைன் சாப்பிடுங்க சார், எனக்கு நன்றாகக் கேட்டது" என்றார் நண்பர். நானும் பென்ஷன் பணத்தில் ஆறு மாதம் வாங்கிச் சாப்பிட்டேன். வலி குறைந்தது உண்மை. ஆனால் மாத்திரையால்தான் குறைந்ததா?

டீசல் ஷெட்டில் புது லூப் ஆயில் வந்தால் ஒரே எஞ்சினில் ஊற்றிப் பார்த்து முடிவு கட்டமாட்டோம். அதே பாதையில், அதே பளுவோடு, பழைய ஆயிலில் ஓடும் எஞ்சினோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மருந்துக்கும் அதுவே விதி.

அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேரை ஐந்து பிரிவாக்கிச் சோதித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குத் தினம் 1,500 மில்லிகிராம் குளுக்கோசமைன். மற்றொன்றுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 24 வாரம் கழித்து, வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தவர்கள் குளுக்கோசமைன் பிரிவில் நூற்றுக்கு 64; வெற்று மாத்திரைப் பிரிவில் 60! அந்த நான்கு பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது.

வெற்று மாத்திரையில் 60 பேர் தேறியது எப்படி? வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்து தேடுகிறோம். அது தானாகவும் தணியும். நம்பிக்கையும் கைகொடுக்கும்.

2019-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் சங்கம், முழங்கால் தேய்மானத்துக்குக் குளுக்கோசமைன் வேண்டாம் என்றது. உடற்பயிற்சியையும், பருமனானவர்களுக்கு எடைக் குறைப்பையும் வலியுறுத்தியது.

நான் மாத்திரையை நிறுத்திவிட்டேன். நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்குகிறேன், மாலையில் நடக்கிறேன். அடுத்த முறை யாராவது "எனக்குக் கேட்டது" என்றால், "சாப்பிடாதவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள்.