குளிர்மலையில் குடியேறும் குடும்பமும் அதன் தொழுகையும்

திண்டுக்கல் பேகம்பூரைச் சேர்ந்த ஓர் இளைஞர் சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்ததும் என்னருகே வந்து உட்கார்ந்தார். முகத்தில் கவலை தெரிந்தது.

“ஹஜ்ரத், கீழே காலந்தள்ள முடியவில்லை. தோல் ஷாப்பில் முன்போல வேலை இல்லை. வாடகையோ வருடாவருடம் ஏறுகிறது. கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் போகும் வழியில் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை ஒன்று கைமாற வருகிறது. கடையோடு வீடும் உண்டு. இங்கே கொடுக்கும் வாடகையில் பாதிகூட இல்லை. பிள்ளைகளோடு போய்விடலாமா என்று பார்க்கிறேன். அத்தாதான் தடுக்கிறார். ‘அந்தக் குளிரில் எழுந்து, உளூச் செய்து, ஸுபுஹு தொழுவாயாடா நீ?’ என்கிறார்.”

அந்தப் பெரியவரின் கேள்வியை நான் மெச்சினேன். மகன் வீடு மாறப்போகிறான் என்றதும் வருமானத்தைக் கேட்காமல் ஸுபுஹைக் கேட்கும் தகப்பன் கிடைப்பது அரிது. ஆனால் அவர் பயந்த இடம் வேறு, பயப்பட வேண்டிய இடம் வேறு. அதை விளக்கவே இதை எழுதுகிறேன். இன்று வாடகைக்கும் விலைவாசிக்கும் அஞ்சி மலையூர்களை நாடும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. அவர்களுக்கும் பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

பிழைப்புக்காக ஊர் மாறுவதில் தவறொன்றும் இல்லை. அல்லாஹ்வின் பூமி விசாலமானது என்று திருமறை பல இடங்களில் நினைவூட்டுகிறது. ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடிப் போகிறவர் நன்மையைத் தேடியே போகிறார். கடன்பட்டு டவுனில் இருப்பதைவிடக் கடனின்றி மலையில் இருப்பது மேல் என்றே நானும் சொன்னேன்.

இனி குளிருக்கு வருவோம். திண்டுக்கல் சமவெளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டர். காய்ச்சலுக்குத் தப்பி அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845இல் அங்கே வீடு கட்டினார்கள் என்றால், அது அந்தக் குளிரைத் தேடித்தான். காஷ்மீரைப் போல அங்கே வெண்பனி பெய்து குவிவதில்லை. ஆனால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஏரியைச் சுற்றியுள்ள தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படிகிறது. விடியற்காலையில் புல் வெள்ளை வெளேர் என்று கிடக்கும். வெளியே வைத்த குடத்து நீரில் கை வைத்தால் எலும்பு வரை குத்தும். அந்த நேரத்தில்தான் நமக்கு ஸுபுஹு.

கஷ்டமான வேளையிலும் உளூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழிக்கும் செயல்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டுச் சிலர், வெந்நீர் வைத்தால் நன்மை குறைந்துவிடுமோ என்று மலைக்கிறார்கள். அப்படியில்லை. கஷ்டம் தானாக வந்தால் பொறுத்துக்கொள்வதற்குத்தான் கூலி. கஷ்டத்தைத் தேடிப்போய் இழுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. உமர் (ரலி) அவர்களுக்குச் செம்புப் பாத்திரத்தில் நீர் சுடவைத்துக் கொடுத்த செய்தி ஹதீஸ் கித்தாபுகளில் வருகிறது. ஷாஃபிஈ சட்ட நூல்களோ, உளூவை நிறைவாகச் செய்ய விடாத அளவு குளிர்ந்த நீரையும் கொதிக்கும் நீரையும் மக்ரூஹ் என்கின்றன. ஆகவே ஸுபுஹுக்கு அரைமணி முன்னதாக ஓர் அடுப்பு எரியட்டும். வெந்நீர் வைத்துத் தரும் அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அந்தத் தொழுகையில் பங்குண்டு.

அடுத்தது காலைக் கழுவும் பிரச்சினை. இதற்கு ஷரீஅத் தந்திருக்கும் சலுகையை நம் சமவெளி மக்கள் கிட்டத்தட்ட மறந்தேவிட்டார்கள். தோல் பதனிடும் ஊர் என்று பெயரெடுத்த திண்டுக்கல்லில், ‘குஃப்பு’ என்ற தோல் காலுறையைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அந்த இளைஞரே தோல் ஷாப்பில் பத்து வருடம் வேலை பார்த்தவர். “மிதியடியா ஹஜ்ரத்?” என்று கேட்டார்! (பதனிடப்பட்ட தோல் சுத்தமாகிவிடும் என்பதும் நமது சட்டம்தான், பன்றித் தோலுக்கு மட்டும் அது இல்லை. நாய்த் தோலும் ஆகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபு.)

முழுமையாக உளூச் செய்து, கால்களையும் கழுவிய பிறகு குஃப்பை அணிய வேண்டும். அது கணுக்கால்களை மூடியிருக்க வேண்டும். அதை அணிந்துகொண்டே நடமாட முடிய வேண்டும். அதன்பின் உளூ முறிந்து மறுபடி உளூச் செய்யும்போது, காலைக் கழுவாமல் ஈரக்கையால் குஃப்பின் மேற்புறத்தைத் தடவினால் போதும். இதுவே ‘மஸ்ஹு’. ஹனஃபி மத்ஹபில் கைவிரல் மூன்றளவு தடவுவது பர்ளு. ஷாஃபிஈயில் மேற்புறத்தில் சிறிதளவு தடவினாலும் நிறைவேறிவிடும். மார்க்கம் நம் யோசனைப்படி அமைந்திருந்தால் அழுக்குப் படும் அடிப்பாகத்தைத் தடவுவதே பொருத்தமாக இருந்திருக்கும், நபியவர்கள் தடவியதோ மேற்புறத்தை என்று அலீ (ரலி) அவர்கள் கூறிய கருத்து பிரபலமானது.

உள்ளூரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு. பிரயாணிக்கு மூன்று பகல் மூன்று இரவு. இந்தக் கெடு குஃப்பை அணிந்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. அணிந்த பிறகு முதன்முதலாக உளூ முறியும் நேரத்திலிருந்தே தொடங்கும். ஆகவே மலையில் குடியிருப்பவர் ஓர் இஷாவுக்கு முன் வெந்நீரில் காலைக் கழுவி அணிந்துகொண்டால், மறுநாள் ஸுபுஹு உட்பட அடுத்த தொழுகைகளைக் காலில் நீர் படாமலே தொழுதுவிடலாம். குளிப்புக் கடமையானாலும் குஃப்பைக் கழற்றினாலும் இந்தச் சலுகை போய்விடும். கிழிசல் விஷயத்தில், கடமையான பகுதியில் சிறு ஓட்டை இருந்தாலும் ஷாஃபிஈயில் கூடாது. கால் சிறுவிரல் மூன்றளவுக்குக் குறைவான கிழிசல் ஹனஃபியில் பொறுக்கப்படும்.

கடைவீதியில் விற்கும் கம்பளிச் சாக்ஸில் மஸ்ஹு செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீர் உடனே உட்புகும் மெல்லிய சாக்ஸில் கூடாது என்பதே இரு மத்ஹபுகளின் நிலை. கட்டாமலே காலில் நிற்கக்கூடிய, அதோடு மட்டுமே நெடுந்தூரம் நடந்தாலும் தாங்கக்கூடிய, நீர் கசியாத கனத்த காலுறையில் செய்யலாம் என்பது இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது இருவரின் தீர்ப்பு. கொடைக்கானல் பஜாரில் தொங்கும் பின்னல் சாக்ஸ் இதில் தேறாது.

‘குளிர் தாங்கவில்லை, தயம்மும் செய்துகொண்டேன்’ என்பது வேறொரு வழக்கு. ஹிஜ்ரி 8இல் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் அம்ரிப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்புக் கடமையாயிற்று. குளித்தால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்ற கருத்துள்ள அன்னிஸா அத்தியாயத்து வசனத்தைக் காரணம் காட்டினார்கள். நபியவர்கள் சிரித்தார்கள், எதுவும் சொல்லவில்லை. இதிலிருந்து சட்டம் எடுத்த இமாம்கள், நீரைச் சுடவைக்க வழியே இல்லாதிருப்பதும் நோயோ மரணமோ வரும் என்ற உண்மையான அச்சமும் வேண்டும் என்றார்கள். அப்படித் தொழுதாலும் பின்னர் திருப்பித் தொழ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. காஸ் அடுப்பும் விறகும் இருக்கும் வீட்டில் ‘சிலிர்க்கிறது’ என்பது காரணமாகாது. குளிப்புக் கடமையான இரவுகளில் கணவனும் மனைவியும் முன்கூட்டியே வெந்நீருக்கு ஏற்பாடு செய்துகொள்வதுதான் வழி. வெட்கப்பட்டு ஸுபுஹைக் களாவாக்கிவிடுவது பெரும் பாவம்.

காஷ்மீர் முஸ்லிம்கள் இதை ஜமாஅத்தாகச் சேர்ந்தே தீர்த்துக்கொண்டார்கள். டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்கள் அங்கே ‘சில்லே கலான்’ என்னும் கொடுங்குளிர். தால் ஏரியே உறைந்துபோவதுண்டு. அங்கே பள்ளிவாசல்களில் ‘ஹமாம்’ என்று ஓர் அறை இருக்கும். கல்தளத்துக்கு அடியில் விறகை எரிப்பார்கள். தளமும் சூடாகும், உளூவுக்கு நீரும் சூடாகும். குளிர்காலத்தில் பெரியவர்கள் அங்கேயே அமர்ந்து திக்ரு செய்வார்கள். நம் மலையூர்ப் பள்ளிகளுக்கு இவ்வளவு வேண்டாம், ஓர் அண்டா வெந்நீர் போதும்.

தொழும்போது கவனிக்க வேண்டிய சில சிறு விஷயங்களும் உண்டு. மலையில் எல்லோரும் மங்கி குல்லா போடுகிறார்கள். அது வாயையும் மூக்கையும் மூடினால் தொழுகையில் மக்ரூஹ். நெற்றியை முழுவதும் மூடினால் ஷாஃபிஈ மத்ஹபில் ஸஜ்தாவே கூடாமல் போகும். ஆகவே தக்பீருக்கு முன் அதை நெற்றிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். கனலும் கரிச்சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு தொழக்கூடாது, பக்கத்தில் வையுங்கள். உறங்கும்போது வீட்டில் நெருப்பை அணையாமல் விடாதீர்கள் என்பது நபிமொழி. மூடிய அறையில் கரிப்புகை ஆளையே கொல்லும் என்பதால் இதைத் தாய்மார்கள் மிகவும் கவனிக்க வேண்டும்.

நேர விஷயத்திலும் மலை ஏமாற்றும். நாலரை மணிக்கே சூரியன் எதிர்மலைக்குப் பின்னால் போய்விடும். அது மஃரிபு அல்ல. அஸருடைய நேரம் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்து நோன்பு திறந்தால் நோன்பு பாழ். அடிவானம் திறந்து தெரியும் உச்சியிலோ, கீழே சமவெளியில் சூரியன் மறைந்த பிறகும் சில நிமிடங்கள் கண்ணுக்குத் தெரியும். தெரியும்வரை பொறுக்க வேண்டும். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 80ஆம் மாடிக்கு மேல் இருப்போர் இரண்டு நிமிடமும், 150க்கு மேல் இருப்போர் மூன்று நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்கும்படி 2011இல் அங்குள்ள முஃப்தி அறிவித்தது இதனால்தான். மூடுபனி நாட்களுக்குக் கடிகாரமும் கொடைக்கானலுக்குக் கணக்கிட்ட நேர அட்டவணையும் வீட்டில் இருக்கட்டும்.

இவ்வளவையும் கேட்ட இளைஞரின் முகம் தெளிந்தது. “அப்படியானால் குளிர் ஒரு தடையில்லை, போகலாம்தானே?” என்றார். “அங்கே முஸ்லிம் வீடுகள் எத்தனை?” என்று கேட்டேன். “எங்களோடு சேர்த்து மூன்று.” “பள்ளிவாசல்?” “கொடைக்கானலில்தான் ஹஜ்ரத். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல்.”

அத்தா பயப்பட வேண்டிய இடம் இதுதான்!

பேகம்பூரில் ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் பெயரால் விளங்கும் பெரிய பள்ளிவாசலின் பாங்கோசையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், பாங்கே கேட்காத ஊரில் வளரப்போகிறார்கள். குளிருக்கு வெந்நீர் உண்டு, குஃப்பு உண்டு. ஜமாஅத்து இல்லாததற்கு மனிதர்கள்தான் வேண்டும். மூன்று பேர் ஒரு கிராமத்தில் இருந்தும் அவர்களிடையே ஜமாஅத் தொழுகை நடக்கவில்லையென்றால் ஷைத்தான் அவர்களை ஆட்கொண்டுவிடுகிறான். மந்தையை விட்டு விலகிய ஆட்டையே ஓநாய் தின்னும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள மேய்ப்பர் யாரைக் கேட்டாலும் இந்த உவமையின் பொருளை நம்மைவிட நன்றாகச் சொல்வார்.

ஆனால் அதே நபிமொழியில் ஒரு வழியும் இருக்கிறது. மூன்று பேர் போதும். மலைமுகட்டில் தனியாக ஆடு மேய்ப்பவன் பாங்கு சொல்லித் தொழுவதை அல்லாஹ் உவந்து நோக்குகிறான் என்றும் ஹதீஸ் வந்திருக்கிறது. ஆகவே வீட்டில் ஓர் அறையைத் தொழுகைக்கென ஒதுக்கச் சொன்னேன். மகனை விட்டே ஐந்து வேளையும் பாங்கு சொல்ல வைக்கச் சொன்னேன். ஆண்கள் யாரும் இல்லாத வேளையில் மனைவி மக்களோடு ஜமாஅத்தாகத் தொழலாம். கடும் மழை, குளிர் இரவுகளில் அவரவர் இடத்திலேயே தொழுதுகொள்ளும்படி அறிவிக்கச் செய்தவர்கள் நபியவர்கள். அந்தச் சலுகை அந்த இரவுகளுக்குத்தான், வருடம் முழுவதற்கும் அல்ல.

ஜும்ஆ விஷயம் இன்னும் நுட்பமானது. ஹனஃபியில் ஜும்ஆவுக்கு ஊர் பெரிதாக இருக்க வேண்டும். ஷாஃபிஈயில் அங்கேயே நிலையாகக் குடியிருக்கும் நாற்பது ஆண்கள் வேண்டும். மூன்று வீட்டுக்காரர்கள் கூடி ஜும்ஆ நடத்த முடியாது. அவர்கள் லுஹர்தான் தொழ வேண்டும். சட்டப்படி அவர் மீது குற்றமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை குத்பாவைக் கேட்டறியாமல் ஒரு பையன் மீசை முளைக்கும் வயதுக்கு வந்தால் என்ன ஆகும்? கடையை வெள்ளிக்கிழமை மதியம் அடைத்துவிட்டு, சரக்கு எடுக்கும் வேலையையும் அன்றே வைத்துக்கொண்டு, பையனோடு கொடைக்கானலுக்கு வந்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். ஹலால் இறைச்சியும் அன்றே வாங்கிக்கொள்ளலாம். அங்கே ஒரு மவ்த்து நேர்ந்தால் மையவாடி எது என்பதையும் போகும் முன்பே விசாரித்துக்கொள்ளச் சொன்னேன்; அவர் அதை யோசித்திருக்கவே இல்லை.

அவர் போய்விட்டார். கடை நடக்கிறது. வெள்ளிக்கிழமை தவறுவதில்லை என்று தகவல். சென்ற மாதம் தாயாரைப் பார்க்க நான்கைந்து நாள் தங்குவதற்காகத் திண்டுக்கல்லுக்கு இறங்கி வந்தவர், என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். “அம்மா வீட்டில் நான் லுஹரை நான்காகத் தொழுவதா, இரண்டாகவா?”

குடும்பத்தோடு நிரந்தரமாக வேறு ஊருக்குப் போய், அதையே தன் ஊராக ஆக்கிக்கொண்டவருக்குப் பழைய ஊர் ‘வதன் அஸ்லி’ எனும் சொந்த ஊராக இருப்பதில்லை. மக்காவில் பிறந்த நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குடியேறிய பின், ஹஜ்ஜுக்காக மக்கா வந்தபோது கஸ்ராகவே தொழுதார்கள். இவர் வந்திருப்பதோ நூறு கிலோமீட்டருக்கு மேல். ஹனஃபியில் 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணமிருந்தால் நான்கு ரக்அத்தை இரண்டாகத் தொழுவது அவசியம். (ஷாஃபிஈயில் வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினாலே முழுமையாகத் தொழ வேண்டும்.) உள்ளூர் இமாமின் பின்னால் தொழுதால் மட்டும் அவரைத் தொடர்ந்து நான்காகத் தொழ வேண்டும். திண்டுக்கல்லிலும் வீடு வைத்துக்கொண்டு, மனைவி மக்களும் அங்கும் இங்குமாக இருந்தால் இரண்டுமே சொந்த ஊர்தான், கஸ்ரு இல்லை.

“அப்படியானால் அம்மா வீட்டில் நான் முஸாஃபிரா ஹஜ்ரத்?” என்று கேட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து உளூச் செய்யப் போனார். காலில் குஃப்பு இருந்தது. மூன்றாம் நாள் இரவு வரை அவர் அதைக் கழற்ற வேண்டியதில்லை.