வீட்டு ரிமோட்டால் லினக்ஸை இயக்குவோம்: முழுமையான வழிகாட்டி

சிங்கவரம், செஞ்சி வட்டாரத்தில் பல வீடுகளில் பழைய அரசு கேபிள் ரிமோட் ஒன்று சும்மா கிடக்கும். அதைக் கொண்டே ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓடும் லினக்ஸை இயக்கலாம். வாருங்கள், சேர்ந்தே செய்வோம்.

என்ன வேண்டும்? எவ்வளவு ஆகும்?

ராஸ்பெரி பைதான் பெரிய செலவு, சில ஆயிரம் ரூபாய். மற்றபடி டிசாப் 38238 அகச்சிவப்பு சென்சார் ஒன்று, ஜம்பர் ஒயர் மூன்று. இவை சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்கே கிடைக்கும்.

எப்படி இணைப்பது?

பையின் மின்சாரத்தை முதலில் துண்டிப்போம். சென்சாரின் குமிழ் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக அவுட்புட், கிரவுண்ட், மின்சாரம். அவுட்புட்டைப் பையின் 12ஆம் பின்னிலும், கிரவுண்டை 6ஆம் பின்னிலும், மின்சாரத்தை 1ஆம் பின்னிலும் செருகுவோம். 1ஆம் பின் 3.3 வோல்ட் தருவது.

எச்சரிக்கை

5 வோல்ட் பின்னில் சென்சாரைச் செருகாதீர்கள், பையே பழுதாகலாம். பழைய டிசாப் 1738 வேண்டாம்: அது 5 வோல்ட்டுக்கானது, கால்களின் வரிசையும் வேறு.

லினக்ஸில் என்ன செய்வது?

பழைய கட்டுரைகள் லிர்க் நிரலை நிறுவச் சொல்லும். நமக்கு அது தேவையில்லை. ரிமோட் சமிக்ஞையைப் புரிந்துகொள்ளும் வேலையை லினக்ஸின் மையமான கெர்னலே செய்கிறது.

பூட் பகுதியிலுள்ள கான்ஃபிக் கோப்பில் ஜிபிஐஓ-ஐஆர் ஓவர்லேக்கான ஒரே வரியைச் சேர்த்து, 18 என்ற எண்ணைக் கொடுப்போம். 12ஆம் பின்னின் ஜிபிஐஓ எண் அதுதான். வரியை எழுதும் முறை, ஓவர்லேஸ் அடைவின் ரீட்மீ கோப்பிலேயே இருக்கிறது. சேமித்து ரீபூட் செய்வோம்.

அடுத்து ஐஆர்-கீடேபிள் நிரலை நிறுவி, எல்லா நெறிமுறைகளையும் இயக்கிவிட்டு, சோதனை முறையில் ஓட்டுவோம். நெறிமுறைகளை இயக்க மறந்தால் எத்தனை முறை அழுத்தினாலும் திரை வெறுமையாகவே இருக்கும். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். சரியாக அமைந்தால், பட்டனை அழுத்தியதும் அதன் குறியீட்டு எண்ணும் நெறிமுறையின் பெயரும் தெரியும். ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொண்டு, எந்த எண் எந்த விசை என்று கீமேப் கோப்பில் எழுதி, அதை ஐஆர்-கீடேபிள் மூலம் ஏற்றினால் வேலை முடிந்தது. கோடி என்ற மீடியா பிளேயரில் படம் பார்க்கலாம், ஒலியைக் கூட்டலாம்.

ஒன்றுமே வரவில்லையா?

கைபேசியின் முன்பக்கக் கேமரா வழியாக ரிமோட்டின் முனையைப் பாருங்கள். பட்டனை அழுத்தும்போது ஒளி மின்னாவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். மின்னினால், ஒயர்களை மறுபடி சரிபாருங்கள். சென்சார் மீது நேரடி வெயில் படக்கூடாது.

அப்படியும் சிக்கினால், விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுவினரை அணுகிக் கேளுங்கள். நீங்கள் எழுதிய கீமேப்பை எல்லோருடனும் பகிருங்கள். அதே ரிமோட் வைத்திருப்பவர்கள் அந்த எண்களை மறுபடி தேட வேண்டியதில்லை.