ஹாட் டிஸ்க் செத்துப்போச்சா? எறிவதற்கு முன் அடிப்பலகையைப் பாருங்கள்

லயத்திலிருந்து தம்பி ஒருவர் தன் வீட்டுப் பெரிய ஹாட் டிஸ்க்கைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். "சேர், இதுல உயிரே இல்லீங்க" என்றார். அப்பாவின் குடியுரிமைப் பத்திரத்தின் பிரதி, அக்காவின் கல்யாணப் படங்கள், தன் பாடசாலை ஒப்படைகள் எல்லாமே அதற்குள்தான். பத்திரத்தின் மூலம் கூரை ஒழுகி நனைந்து போயிருந்தது.

என்ன நடந்தது என்று கேட்டோம். மடிக்கணனியின் சார்ஜரை மாற்றிக் குத்திவிட்டாராம். டிஸ்க்குக்கு வேண்டியது 12 வோல்ட், அந்த சார்ஜர் தருவது 19 வோல்ட். முனை ஒன்றுபோல இருப்பதால் பலருக்கும் நடக்கிற பிழை இது. ஏப்ரல், ஒக்டோபர் மாத இடி மின்னலும் இதே வேலையைச் செய்யும்.

பயந்துபோகாதீங்க. நம் படங்கள் இருப்பது மூடிய உலோகப் பெட்டிக்குள் சுழலும் தட்டுகளில், காந்தமாக. அடியிலுள்ள பச்சைப் பலகை எரிந்தாலும் தட்டிலுள்ளது பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

முதலில் டிஸ்க்கை வெளிக்கூட்டிலிருந்து கழற்றி, மேசைக் கணனியில் நேராகப் பூட்டிப் பாருங்கள். கூட்டிலுள்ள சின்னப் பலகை மட்டும் பழுதாகியிருக்கலாம். டிஸ்க் சுழலவே இல்லை, அல்லது அதைப் பூட்டியதும் கணனியே ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்றால் அடிப்பலகையைத்தான் சந்தேகிக்க வேண்டும். "டிக், டிக்" என்று தட்டும் சத்தம் வந்தால் பெரும்பாலும் உள்ளே கோளாறு. உடனே நிறுத்துங்கள்.

கரண்டை முழுதாகக் கழற்றிய பிறகு, நட்சத்திர முனைத் திருப்புளியால் பலகையைக் கழற்றுங்கள். தொடுமுனைகள் கறுத்திருந்தால் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேயுங்கள். நம்ம மலைநாட்டு ஈரத்துக்கு இது அடிக்கடி நடக்கும்.

அடுத்து, கரண்ட் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னக் கறுப்புத் துண்டுகள் இரண்டு இருக்கும். டி.வி.எஸ். டயோட் என்பார்கள். ஒன்று 5 வோல்டுக்கு, மற்றது 12 வோல்டுக்கு. மல்டிமீட்டரைக் குறைந்த ஓம் அளவில் வைத்து இரு முனைகளிலும் தொடுங்கள், பிறகு மாற்றித் தொடுங்கள். இரண்டு தடவையும் 0-ஐ ஒட்டியே காட்டினால் அது ஷோர்ட். மிஞ்சிய கரண்டைத் தானே வாங்கி, மற்றதைக் காப்பாற்றிவிட்டுச் செத்திருக்கிறது!

செத்த டயோடைச் சூட்டுக்கோலால் எடுத்துவிட்டால் டிஸ்க் ஓடக்கூடும். ஆனால் இனிக் காவல் இல்லை. சரியான கரண்டை மட்டும் கொடுத்து, உள்ளதைப் பிரதி எடுத்ததும் அதை ஒதுக்கிவிட வேண்டும். எடுத்த பிறகும் அந்த இடத்தில் 0 காட்டினால் வேறு சிப்பும் போயிருக்கிறது. அதற்குமேல் வீட்டில் நோண்டாதீர்கள்.

"அதே நம்பர் பலகை வாங்கி மாட்டினால் சரி" என்று சிலர் சொல்வார்கள். நாங்களும் ஒரு காலம் அப்படித்தான் நினைத்தோம். இப்போதைய டிஸ்க்குகளில் அது பெரும்பாலும் சரிவராது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் பழைய பலகையில், அநேகமாக 8 கால் சிப் ஒன்றில் இருக்கும். அதைப் புதுப் பலகைக்கு மாற்றி ஒட்டுவது கைதேர்ந்தவர் வேலை. ஆகவே பழைய பலகையை எறியாதீர்கள்.

மேல்மூடியை மட்டும் யார் சொன்னாலும் திறக்க வேண்டாம். படிக்கும் முனை தட்டுக்குமேல் ஒரு சில நனோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. நம்ம அடுப்புப் புகையின் தூசிகூட அந்த இடைவெளிக்குப் பெரும் பாறை.

தம்பியின் டிஸ்க்கில் போயிருந்தது 12 வோல்ட் டயோட் மட்டும்தான். எடுத்ததும் சுழன்றது. பத்திரத்தை முதலில் பிரதி எடுத்தோம், படங்கள் பிறகு. இப்போது அந்த வீட்டில் ஒரு சார்ஜரில் சிவப்புத் துணியும் மற்றதில் வெள்ளைத் துணியும் கட்டியிருக்கிறார்கள். கட்டினது அம்மாதானாம்.